புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் மறுவாழ்வு: சிகிச்சை முடியட்டும் என்று ஏன் காத்திருக்கக் கூடாது

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா? திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெற்றோரிடையே இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'புற்றுநோய் என்றாலே அட்டை உண்டு' என்பது ஒன்று. 'பட்டியலிலேயே புற்றுநோய் இல்லை, அலைய வேண்டாம்' என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளையைப் பாதிக்கும் அரைகுறைத் தகவல்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் புற்றுநோய் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நோயோ அதன் சிகிச்சையோ விட்டுச்செல்லும் குறை பட்டியலில் இருக்கிறது: கால் இழப்பு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, பேச்சுக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு. மருத்துவக் குழு பார்ப்பது நோயின் பெயரை அல்ல, உடலில் எஞ்சி நிற்கும் குறையை.

அட்டையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதற்குள் மறைந்திருக்கிறது. இந்தக் குறைகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. எந்த மருந்து எந்த நரம்பைத் தொடும், எந்த அறுவைக்குப் பிறகு எந்த மூட்டு மடங்கி இறுகும் என்பது சிகிச்சைத் திட்டம் எழுதப்படும் நாளிலேயே மருத்துவருக்குத் தெரியும். அப்படியிருக்க, 'முதலில் நோய் போகட்டும், நடப்பதை அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதுதான் பிள்ளைகளிடமிருந்து அதிகம் பறிக்கிறது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். எலும்புப் புற்றுநோய்க்கு ஏழெட்டு மாதங்களாவது ஆகும். மூட்டு இறுக அவ்வளவு காலம் தேவையில்லை. சில வாரங்களே போதும்.

குறை எங்கிருந்து வருகிறது

1. கட்டியிலிருந்து. முதுகுத்தண்டை அழுத்தும் கட்டி கால்களை முடக்கும். சிறுமூளைக் கட்டி நடையைத் தள்ளாட வைக்கும்.

2. அறுவையிலிருந்து. கால் அகற்றுதல், எலும்பை வெட்டி உலோக மூட்டு பொருத்துதல், கண்ணை அகற்றுதல், மூளைக் கட்டியை எடுத்தல்.

3. மருந்திலிருந்து. வின்கிறிஸ்டின் நரம்பைத் தொடும். சிஸ்பிளாட்டின் காதைத் தொடும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தொடைத் தசையையும் எலும்பையும் மெலிய வைக்கும். டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தக் கூடும்.

4. கதிர்வீச்சிலிருந்து. வளரும் எலும்பில் பட்டால் அந்த எலும்பு குட்டையாகும். மூளையில் பட்டால் பாதிப்பு ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்.

5. படுக்கையிலிருந்து. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 'பாவம், பிள்ளை ஓய்வெடுக்கட்டும்' என்று ஆச்சியும் தாத்தாவும் அன்போடு படுக்க வைக்கும் வாரங்கள் தசையைக் கரைத்து, குதிகாலைக் கெண்டைச்சதையோடு இணைக்கும் தசைநாணைக் குறுக்கிவிடும். ஐந்திலும் முழுமையாகத் தடுக்கக்கூடியது இதுதான்.

தூரம் என்ற தடை

நெல்லைச் சீமையின் பிள்ளைகள் பலரும் பெரிய சிகிச்சைக்கு வெளியூர் போகிறார்கள். சிலர் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, சிலர் சென்னை அடையாறுக்கு, சிலர் வேலூருக்கு, சிலர் மதுரைக்கு. அங்கே தங்குவது மருந்து ஏறும் சில நாட்கள் மட்டுமே. மீதி நாட்கள் வீட்டில்தான். தினமும் செய்ய வேண்டிய பயிற்சியைச் சென்னைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கலாம், அவரால் தினமும் செய்ய வைக்க முடியாது. ஆகவே மறுவாழ்வு நடக்கும் இடம் அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ உள்ள வீட்டுக் கூடம்தான். வெளியூர் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் பயிற்சி அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி செய்யும் விதத்தைக் கைபேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டுக்கு இணையான மதிப்பு அதற்கு உண்டு.

பயணச் செலவு பற்றி இரண்டு தகவல்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றுப் படிவம் வேண்டும். அடுத்தது, தாய் பீடி சுற்றுபவராக இருந்து பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருந்தால், மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் திட்டத்தில் குடும்பத்தாரின் புற்றுநோய்ச் செலவைத் திரும்பக் கோர வழி உண்டு. மேலப்பாளையம், முக்கூடல், கடையம் பக்கத்துத் தாய்மார்கள் அட்டையைப் பெட்டிக்குள் வைத்திருந்தும் இதைக் கேட்பதில்லை. மருத்துவச் செலவு தொடங்கும் முன்பே முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் விவரம் கேட்பது நல்லது.

செருப்பு நழுவினால் கவனியுங்கள்

ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் குறை கால் தொங்கல். வின்கிறிஸ்டின் மருந்து நீளமான நரம்புகளைத்தான் முதலில் தாக்கும். உடலிலேயே நீளமானது பாதத்துக்குப் போகும் நரம்பு. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசை சோர்கிறது. வீட்டில் முதலில் தெரியும் அறிகுறி சிறியது: ஹவாய்ச் செருப்பு காலிலிருந்து நழுவி விழும், பிள்ளைக்கு அது தெரியாது. அடுத்து வாசற்படியில் பெருவிரல் தட்டும். நடக்கும்போது 'தப், தப்' என்று பாதம் அறையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். முன்பாதத்தைத் தூக்கி, குதிகாலால் மட்டும் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூடவே தாடை வலி, கடும் மலச்சிக்கல், சட்டைப் பொத்தானைப் போட முடியாமை இருந்தாலும் அதே நரம்புப் பாதிப்பின் பகுதிதான். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்றவை வின்கிறிஸ்டினின் நச்சை உடலில் தங்கவைத்துப் பாதிப்பைக் கூட்டும். எனவே உள்ளூரில் வேறு மருத்துவர் மாத்திரை எழுதினால் நடப்புச் சிகிச்சைச் சீட்டைக் காட்டாமல் வாங்கக் கூடாது.

செய்ய வேண்டியவை:

1. பிள்ளை காலை நீட்டி உட்காரட்டும். ஈரிழைத் துண்டை முன்பாதத்தில் மாட்டி, முட்டு மடங்காமல் தன் பக்கமாக இழுக்கட்டும். கெண்டைச்சதை இழுபடும் இடத்தில் 30 வினாடி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முறை, காலையும் மாலையும். வெடுக்வெடுக்கென்று இழுத்தால் பயனில்லை. நிறுத்திப் பிடிப்பதில்தான் பலன்.

2. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு. மருத்துவமனையில் ஏ.எஃப்.ஓ. என்பார்கள், ஊரில் காலிப்பர் என்ற பொதுப்பெயர். பாதம் தொங்காமல் 90 டிகிரியில் அது பிடித்துக்கொள்ளும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் 20, 30 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தில் பட்டை அழுத்துகிறது, சரிசெய்ய வேண்டும். நரம்பு பாதித்த காலில் வலி உறைக்காது. புண் வந்த பிறகுதான் தெரியும்.

3. பின்வார் வைத்த செருப்போ, ஒரு அளவு பெரிய ஷூவோதான் ஏ.எஃப்.ஓ.வுக்குப் பொருந்தும். ஹவாய்ச் செருப்பு கூடாது.

மருந்து குறைந்தபின் மாதக்கணக்கில் நரம்பு பெரும்பாலும் மீளும். நரம்பு மீண்டாலும் குதிகால் தசைநாண் அதற்குள் குறுகிப் போயிருந்தால் பிள்ளை நுனிக்காலிலேயே நடக்கும். அப்போது தேவைப்படுவது அடுத்தடுத்துப் போடும் மாவுக்கட்டுகளோ அறுவையோ. துண்டை வைத்து இழுக்கும் அந்தப் பத்து நிமிடம் எதைத் தடுக்கிறது என்பது இதில் விளங்கும்.

ஸ்டீராய்டு எடுக்கும் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இடுப்பு வலி, முட்டு வலி என்று நொண்டினால் அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயலக் கூடாது. எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நசியத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதுவரை குதித்தல், ஓட்டம் வேண்டாம்.

கால் அகற்றப்பட்ட பிள்ளை

எலும்புப் புற்றுநோயில் அதிகம் காண்பது ஆஸ்டியோசார்கோமா. பத்து வயதுக்கு மேல், வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில், பெரும்பாலும் முட்டுக்கு அருகே வரும். இரவில் வலி, அடிபடாமலே வீக்கம். இந்த வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவுவது, கட்டுப் போடுவது இங்கே இன்னும் நடக்கிறது. அது சிகிச்சையைத் தாமதமாக்கும். நோய் அரித்த எலும்பு முறியவும் கூடும். சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் முட்டு வீக்கத்துக்கு முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றது.

காலைக் காப்பாற்ற முடியாமல் அகற்ற நேர்ந்தால், மறுவாழ்வு அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. மருந்துச் சுற்றுகள் நடக்கும் வாரங்களில் பிள்ளைக்குக் கக்கத்துக் கட்டையில் நடக்கப் பழக்க வேண்டும். கட்டையின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு, மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். உடல் எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும், அக்குளில் தொங்கக் கூடாது. தொங்கினால் கை நரம்பு நசுங்கி விரல் மரக்கும். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், குளியலறையின் ஈரத் தரையில் முதல் நாளே வழுக்கும். விலை மிகக் குறைந்த பொருள், மாற்றத் தயங்க வேண்டாம்.

அறுவைக்குப் பிறகு மீதியிருக்கும் கால் பகுதியை மருத்துவமனையில் 'ஸ்டம்ப்' என்பார்கள். செயற்கைக் கால் நன்றாக அமையுமா என்பதை முதல் ஆறு வாரங்களில் வீட்டில் அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதே பெரிதும் முடிவு செய்யும்.

*படுக்கும் விதம்.* முட்டுக்கு மேல் அகற்றப்பட்ட தொடை, வலி குறையும் என்று மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். தாய் அதற்கு அடியில் தலையணை வைப்பார். இரண்டு வாரத்தில் இடுப்பு மூட்டு அந்த மடிப்பிலேயே இறுகும். பிறகு எந்தச் செயற்கைக் காலும் நேராக நிற்காது. நம் பக்கத்து நார்க்கட்டில் இங்கே தனி ஆபத்து. நடுவில் தொய்ந்து இடுப்பை மடக்கியே வைத்திருக்கும். இந்தச் சில மாதங்களுக்கு நார்க்கட்டில் வேண்டாம். தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும்: ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, முகம் நல்ல காலின் பக்கம் திரும்பியிருக்கட்டும். வயிற்றுக்கடியில் தலையணை கூடாது. முட்டுக்குக் கீழே அகற்றியிருந்தால் அபாயம் முட்டில்: உட்காரும்போதும் அதை நீட்டியே வைக்க ஒரு பலகை வேண்டும்.

*கட்டுப் போடும் விதம்.* வீக்கம் வடிந்து ஸ்டம்ப் கூம்பாக அமையக் கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும். தொடைக்கு 6 அங்குல அகலம், முட்டுக்குக் கீழே 4 அங்குலம். வட்டமாகச் சுற்றாமல் 8 வடிவத்தில் சாய்வாக மேலும் கீழும் போக வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தொடையானால் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவந்தால்தான் நழுவாது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, மேலே இறுக்கி நுனியைத் தளர விடுவது. அப்போது நீர் நுனியில் தேங்கிக் குண்டாக வீங்கும், சாக்கெட்டுக்குள் (ஸ்டம்ப் பொருந்தும் செயற்கைக் காலின் குழிவான மேல்பகுதி) நுழையாது. பிள்ளை 'துடிக்கிறது, மரக்கிறது' என்றால் உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

*இல்லாத காலில் வலி.* 'பெருவிரல் அரிக்கிறது' என்று பிள்ளை சொன்னால் அது பொய்யும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. அந்தக் காலுக்கான மூளைப் பகுதி இன்னும் விழித்திருக்கிறது. ஆறிய தையலுக்கு மேல் மென்துணியால் தேய்த்தல், விரலால் மெல்லத் தட்டுதல், நல்ல கால் கண்ணாடியில் தெரியுமாறு வைத்துத் தினம் கால் மணி நேரம் அசைத்துப் பார்த்தல் ஆகியவை உதவும். தூக்கம் கெட்டால் மாத்திரையும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். 'இல்லாத காலு எப்படிலே வலிக்கும்?' என்று வீட்டில் யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது தாய் தகப்பன் பொறுப்பு. அந்தப் பேச்சு ஒருமுறை காதில் விழுந்த பிள்ளை அடுத்த முறை வலியைச் சொல்லாது.

*செயற்கைக் கால்.* சாதாரண விபத்து நோயாளிக்கும் புற்றுநோய்ப் பிள்ளைக்கும் இங்கே வேறுபாடு இருக்கிறது. அறுவைக்குப் பிறகும் கீமோதெரபி தொடர்வதால் புண் மெதுவாக ஆறும். எடை ஏறி இறங்கும். மருந்து ஏறிய வாரத்தில் ஸ்டம்ப் சுருங்கும், குளுக்கோஸ் ஏறிய நாளில் உப்பும். ஆகவே முதலிலேயே விலையுயர்ந்த நிரந்தரக் கால் வாங்குவது வீண். தற்காலிகச் சாக்கெட் ஒன்றுடன், அளவுக்கேற்ப ஒன்றிரண்டு பருத்திக் காலுறைகளை அடுக்கியும் குறைத்தும் நடக்கப் பழக்குவதே முறை. கீமோ முடிந்து எடை நிலைத்த பிறகு நிரந்தரக் கால்.

எந்த வகைக் கால் என்பதில் ஊரின் தரையையும் பார்க்க வேண்டும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் செருப்பில்லாமல் நடக்கவும், ஈரத்தில் இறங்கவும், குத்தவைத்து உட்காரவும் ஏற்றது. வயல் வரப்பிலும் தாமிரபரணிப் படித்துறையிலும் புழங்கும் பிள்ளைக்கு, ஷூ போட்டு மட்டுமே நடக்கக்கூடிய இறக்குமதிப் பாதத்தைவிட இது பல நேரம் பொருத்தமானது. வசதியுள்ளவர்கள் விலையை வைத்துத் தரத்தை அளப்பது தவறு. பிள்ளை ஒரு நாளில் எங்கெங்கே கால் வைக்கிறது என்பதே அளவுகோல்.

நெல்லை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்வை ஊறும். இரவில் கழற்றியதும் ஸ்டம்பைச் சோப்பு போட்டுக் கழுவி முழுக்க உலர்த்த வேண்டும். காலையில் கழுவினால் ஈரத்தோடு சாக்கெட் ஏறித் தோல் ஊறிவிடும். சாக்கெட்டின் உட்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காலுறை தினம் ஒன்று.

பிள்ளை வளரும், கால் வளராது. பொதுவாக ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைக் காலை மாற்றவோ நீட்டவோ வேண்டியிருக்கும். கீமோ காலத்தில் வளர்ச்சி மந்தப்பட்டு, முடிந்ததும் திடீரென்று எழும். அந்த ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். பாவாடையின் ஓரம் ஒரு பக்கம் தாழ்ந்து தெரிவது, இடுப்புச் சரிவு ஆகியவை கால் குட்டையாகிவிட்டதைக் காட்டும். இன்னொன்று: குழந்தைகளில் வெட்டிய எலும்பின் நுனி சில நேரம் முள் போல வளர்ந்து தோலைக் குத்தும். நுனியில் கூர்மையான வலியும் சிவப்பும் வந்தால் சாக்கெட்டைக் குறை சொல்லிக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

காலைக் காப்பாற்றிய பிறகு

நோய் பட்ட எலும்பை மட்டும் எடுத்து உலோக மூட்டு வைத்தால் வெளியே கால் முழுசாகத் தெரியும். இதனால் 'குறை ஏதும் இல்லை' என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அந்த மூட்டுக்கு வாழ்நாள் முழுதும் தொற்று அபாயம் உண்டு. உயரத்திலிருந்து குதிப்பதும் கபடியும் அதற்கு ஆகாது. வளரும் வயதில் மறு கால் நீளும்போது இடைவெளி வரும். ஒரு சென்டிமீட்டர் வரை செருப்புக்குள் திண்டு வைக்கலாம், அதற்கு மேல் அடிப்பாகத்தில் எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பரை ஒட்டி உயர்த்த வேண்டும். அளவை எழுதிக் கொடுத்தால் நகரத்தில் செய்து தருவார்கள்.

கணுக்காலைத் திருப்பி முட்டாகப் பொருத்தும் ரொட்டேஷன்பிளாஸ்டி என்ற முறையும் உண்டு. பாதம் பின்பக்கம் பார்த்திருக்கும். பார்க்கத் திகைப்பாக இருப்பதால் குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. ஆனால் சொந்த மூட்டு அசைவதால் ஓட, ஏற, விளையாட அந்தக் கால் நன்கு உழைக்கும், மறு அறுவைகளும் குறைவு. சிறுவயதுப் பிள்ளைக்கு மருத்துவர் இதைச் சொன்னால், மறுக்கும் முன் இந்த முறையில் நடக்கும் பிள்ளைகளின் வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள்.

மூளைக் கட்டிக்குப் பின்

சிறுமூளைக் கட்டியை எடுத்தபின் ஓரிரு நாள் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று முற்றிலும் பேச்சை நிறுத்திவிடலாம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுக்கட்டியின் அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளைக்கு இது நேர்கிறது. சிறுமூளைக்கும் பெருமூளைக்கும் இடையிலான பாதை பாதிப்பதுதான் காரணம். பயந்த கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகும் வாரங்களில் பேச்சுப் பயிற்சி போய்விடுகிறது. பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும், ஆனால் மெதுவாக, உடைந்து. அதுவரை கண் சிமிட்டினால் ஆம், படத்தைத் தொட்டால் வேண்டும் என்று ஒரு வழியை முதல் நாளே ஏற்படுத்துங்கள். பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை.

விழுங்குவதிலும் கவனம் வேண்டும். தண்ணீர், ரசம், சொதி போன்ற நீர்த்தவைதான் புரையேறி நுரையீரலுக்குள் போகும். கெட்டிக் கஞ்சி, மசித்த சோறு அவற்றைவிடப் பாதுகாப்பானவை. நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, தேக்கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தால் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளை படித்ததை மறந்துவிடுவதில்லை. புதிதாகக் கற்கும் வேகம்தான் குறைகிறது. இதனால் மூன்றாம் வகுப்பில் தெரியாத இடைவெளி ஆறாம் வகுப்பில் பளிச்சென்று தெரியும். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று நினைப்பார்.

காதும் கண்ணும்: சட்டம் தவறவிடும் இடம்

சிஸ்பிளாட்டின் இரு காதுகளிலும் உயர் ஒலிகளை நிரந்தரமாக அழிக்கும். பிள்ளை கூப்பிட்டால் திரும்பும், ஆகவே காது கேட்கிறது என்று நினைப்போம். உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்தவை, கேட்கும். 'பசி'யின் சகரம் போன்ற ஊதும் ஒலிகள் கேட்காது. வகுப்பறை இரைச்சலில் பாதிப் பாடம் போய்விடும். சோதனையில் 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் ஒலிகளும் இடம்பெற வேண்டும். முதல் மருந்துக்கு முன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் முன். காய்ச்சலுக்குத் தரும் அமிகாசின், ஜென்டமைசினும் சேர்ந்து காதைக் கெடுக்கும்.

சட்டம் காது கேளாமையைப் பேச்சு அலைவரிசைகளில், இரு காதுகளிலும் 60 டெசிபெல்லிலிருந்துதான் கணக்கிடுகிறது. சிஸ்பிளாட்டின் முதலில் அழிப்பதோ அதற்கு மேலே உள்ள அலைவரிசைகளை. காது கேட்கும் கருவி தேவைப்படும் பிள்ளைக்கே அட்டை கிடைக்காமல் போகிறது. அதேபோல் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்காக ஒரு கண்ணை அகற்றி, மறு கண் நன்றாக இருந்தால் குறைபாடு 30 சதவீதம் என்றே கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்கான எல்லை 40. இது அந்தப் பிள்ளைகளுக்கு நேரும் அநியாயம், விதி திருத்தப்பட வேண்டும்.

அகற்றிய கண்ணுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் செயற்கைக் கண் பொருத்தலாம். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். எஞ்சிய கண்ணைக் காக்கப் பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் வேண்டும். கூடப் பிறந்த சிறு பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை அவசியம், இந்த நோய் பரம்பரையாகவும் வரும். திருநெல்வேலியில் 1988 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் தொடங்கலாம்.

பயிற்சியை எப்போது நிறுத்துவது

பொதுவான எல்லைகள் இவை. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதுவே சரி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000க்கு மேல் இருந்தால் பெரும்பாலான பயிற்சிகள் செய்யலாம். 20,000க்கும் 50,000க்கும் இடையே எடை தூக்குதல், விழ வாய்ப்புள்ள விளையாட்டு கூடாது. 20,000க்குக் கீழே படுக்கையில் மெல்லிய அசைவும் துணையோடு நடையும் மட்டும். உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் பயிற்சியை விட்டு, மருத்துவமனைக்கு அந்த மணியிலேயே கிளம்ப வேண்டும். டாக்சோரூபிசின் பெற்ற பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் சேரும் முன் எக்கோ என்ற இதயப் பரிசோதனை வேண்டும்.

நெல்லையில் யாரிடம் போவது

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் அட்டைக்கும், இலவசச் செயற்கைக் கால், காலிப்பர், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலிக்கும் வாசல். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், அந்தப் பக்கத்தார் தென்காசி அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய நினைவில் திருநெல்வேலிக்கு வந்து திரும்புவது வீண் அலைச்சல். மருந்தால் வந்த நரம்புக் குறை போல மாறக்கூடியவற்றுக்குக் காலவரையறையுள்ள தற்காலிகச் சான்று தருவார்கள். காலாவதி தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். கால் அகற்றியிருந்தால் சதவீதம் 40ஐத் தாண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபியும் செவிப் பரிசோதனையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021) இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். முதியவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கேட்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் அனுபவம் அதற்கு உண்டு. புற்றுநோய்ப் பிள்ளை என்று தயங்காமல் அணுகலாம். பயிற்சி தருபவருக்குத் தேவை நோயின் பெயரல்ல: எந்த மருந்து ஓடுகிறது, கடைசி ரத்த எண்ணிக்கை என்ன, எந்த எலும்பில் எடை கூடாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

பள்ளிக்குத் திரும்புதல்

ரத்தப் புற்றுநோயின் நீண்ட கடைசிக் கட்டத்தில், மாத்திரை எடுத்துக்கொண்டே பிள்ளை பள்ளி போகலாம். மருத்துவர் அனுமதித்ததும் ஒரு வாரம் அரை நாள், பிறகு முழு நாள். அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டிலிருந்தே கற்க, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வருவதற்குத் தலைமையாசிரியர் வழியாகக் கோரலாம். பெயர் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கையில்தான்.

பள்ளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவை:

1. இது தொற்றும் நோய் அல்ல. தொற்று மற்றவரிடமிருந்து இந்தப் பிள்ளைக்குத்தான் வரும். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் தந்தால்தான் பலன்.

2. வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மாடிப் படியை வகுப்பு மாற்றத்தால் தவிர்க்கலாம், செலவில்லை.

3. கழிப்பறை. செயற்கைக் காலோ உலோக முட்டோ உள்ள பிள்ளைகள் பலரால் குத்தவைக்க முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் போதும்.

4. காது பாதித்திருந்தால் முன்வரிசை. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசக் கூடாது.

5. மூளைச் சிகிச்சை பெற்றிருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வேலை, எழுதக் கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு.

அரசுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் கால் வைக்கும் ஜூன் மாதத்திலேயே அந்த மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி, மருத்துவக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.